சைக்கிளுக்குப் பத்துப் பொருத்தம்

மயிலாப்பூரில் அந்த வருஷம் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்தவர்களைவிட, சைக்கிளுக்குப் பொருத்தம் பார்த்தவர்கள்தான் அதிகம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அய்யா! கச்சேரி ரோட்டில் மாசிலாமணி முதலியாரின் சைக்கிள் கடை வாசலில் விடிந்ததும் கும்பல் கூடிவிடும். வக்கீல், குமாஸ்தா, பென்ஷன் வாங்கியவர் என்று எல்லாரும் படித்த ஆசாமிகள். ஒவ்வொருவர் கையிலும் ஜாதகம். படிக்காதவன் எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு வேலை இருந்தது.

கடைக்குள்ளே மான்தோல் விரித்து வீற்றிருந்தவர் சக்ரானந்த சுவாமிகள். முந்தின வருஷம் இதே சுவாமிகள் சைதாப்பேட்டையில் வழுக்கைத் தலைக்குத் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். தடவியவர்களுக்கு மிச்சமிருந்த மயிரும் கொட்டிப்போகவே, சுவாமிகளுக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாறினார். ஞானம் எப்படியெல்லாம் பிறக்கிறது பாருங்கள்!

"முன் சக்கரம் ராகு, பின் சக்கரம் கேது" என்பார் சுவாமிகள். "ஒன்றை ஒன்று துரத்தும், ஒருநாளும் சந்திக்காது. நடுவில் ஓடுகிற சங்கிலி சர்ப்பம். ஜாதகத்துக்கு ஒவ்வாத வண்டியில் ஏறினால் சர்ப்பம் தீண்டும்!"

கூட்டம் நடுங்கும். சங்கிலி வேஷ்டியைக் கவ்வுவதை எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே! கால்சட்டை போட்டவனை மட்டும் அந்தச் சர்ப்பம் ஏன் சீண்டுவதில்லை என்று ஒருத்தராவது கேட்டாரா? மூச்.

கப்பலில் வந்த பெட்டியை உடைத்த நேரம்தான் சைக்கிளின் ஜனன காலம். அதற்கு நட்சத்திரம் உண்டு, கணம் உண்டு, ரஜ்ஜு உண்டு. "கோத்திரம்?" என்று ஒரு பென்ஷன்காரர் கேட்டார். "பர்மிங்ஹாம் கோத்திரம்" என்றார் சுவாமிகள், கண்ணிமைக்காமல். நம்முடைய கோத்திரமில்லை, பாதகமில்லை என்று பென்ஷன்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

இதெல்லாம் முன்னுரை. அற்புதம் இனிமேல்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துவார்கள். முன் சக்கரத்தின் வளையத்தில் ஓரிடத்தில் குங்குமப் பொட்டு இருக்கும். வாங்க வந்தவரின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சுவாமிகள் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். சக்கரம் சுற்றி, ஓய்ந்து, இப்படியும் அப்படியும் ஆடி நிற்கும். பொட்டு உச்சியில் நின்றால் வண்டி தலை நிமிர்ந்து உம்மை வரித்துவிட்டது. அடியில் நின்றால் தலை குனிந்துவிட்டது, நீர் விலகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. குட்டையான சைக்கிள்கள் எல்லாருக்கும் தலை குனிந்தன. ஆறடி வெள்ளைக்காரச் சார்ஜெண்டுக்கென்று செய்த நெட்டைச் சைக்கிள்கள் எல்லாரையும் வரித்தன. அந்த நெட்டைச் சரக்கை முதலியார் தெரியாத்தனமாக வரவழைத்துவிட்டு, விற்க வழியில்லாமல் தூசி தட்டிக்கொண்டிருந்தார் என்பது ஊரறிந்த விஷயம். ஊர் அறிந்து என்ன பிரயோஜனம்?

இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் வேம்பு ஐயர். தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வயது நாற்பது, ஆள் குள்ளம். மயிலாப்பூரிலிருந்து ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று வெயிலில் நடந்து போய்ச் சேருவதற்குள் முதல் மணி அடித்துவிடும். ஹெட்மாஸ்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமையிலிருந்து மணி அடித்த பிறகு வந்தால், அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்." வீட்டில் மனைவி காமாக்ஷி, நாலு பெண் குழந்தைகள். வேலை போனால் அடுப்பு எரியாது.

அதே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் உமர் ஃபாரூக். தினமும் சைக்கிளில் வருகிறவர். அவர் வேம்புவிடம் சொன்னார்: "இன்னா சார், இதுக்குப் போய் இம்மாம் யோசனை? சீட்டு மேல குந்துங்க. ரெண்டு காலும் தரையத் தொடுதா? கை ஹேண்டில்பார எட்டுதா? முடிஞ்சுது. புதுசா கத்துக்கிறவனுக்கு அதாங்க பொருத்தம்."

"நீர் சொல்றது லௌகீகம், ஓய். இது ஆயுசு விஷயம்!" என்றார் கணக்கு வாத்தியார்.

லௌகீகம் தோற்றது. நெட்டைச் சைக்கிள் வேம்புவை வரித்தது. வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் அதற்கு ஆரத்தி சுற்றினார்கள். காமாக்ஷி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்னா, வண்டி சரி. ஏர்றதுக்கு ஏணி எங்கே?"

வேம்பு மைல்கல்லின் மேல் நின்று ஏறினார். ஏறினார் சரி, இறங்க வேண்டுமே! கால் தரைக்கு எட்டாது. ஆகையால் எதன் மேலாவது விழுகிறவரைக்கும் அவர் மாட வீதியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருதரம் பூக்கடை மேல் விழுந்தார். ஒருதரம் வைக்கோல் வண்டி மேல் விழுந்தார். படுத்திருந்த எருமை மேல் விழுந்தபோது எருமைதான் பாவம், எழுந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி நகர்ந்துகொண்டது. சனிக்கிழமை சங்கிலி வேஷ்டியைப் பிடித்து இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வாத்தியார் மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவாமிகளிடம் ஓடினார்.

"சுவாமி, சர்ப்பம் தீண்டிடுத்து!"

"பயப்படாதே. வண்டி உன்னைப் பரீட்சிக்கிறது. நாளைக் காலை ஹேண்டில்பாருக்கு மஞ்சள் கயிறு கட்டி மூன்று முடிச்சுப் போடு. அப்புறம் உன்னை விட்டு விலகாது" என்றார் சுவாமிகள்.

வீட்டுக்கு வந்து வேம்பு மஞ்சள் கயிறு தேடினார். எதற்கென்று காமாக்ஷி கேட்டாள். அந்த அப்பாவி மனுஷர் உள்ளதைச் சொன்னார். போச்சு!

"எனக்குச் சக்களத்தியா? அதுவும் சைக்கிளா? எனக்குத் தாலி கட்டறச்சே உங்க கை எட்டித்து. அவளுக்கு எட்டுமா, மணையைப் போட்டுக்கணுமா? நாளைக்கு அந்தச் சாமியாரை நானே பார்க்கறேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை காமாக்ஷி முன்னே நடந்தாள். வேம்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னே வந்தார். துணைக்கு உமர் ஃபாரூக்கும் வந்தார். கடையில் வழக்கம்போல் கும்பல்.

உமர் கைகூப்பினார். "சாமி, இந்த வண்டிய இன்னொருத்தருக்குப் பாக்கணும். பேரு கம்பத்தப்பன், கார்த்திகை நட்சத்திரம்."

சைக்கிள் கவிழ்ந்தது, சக்கரம் சுற்றியது, பொட்டு உச்சியில் நின்றது.

"உத்தமம்! பத்துப் பொருத்தமும் பேசுகிறது. தீர்க்காயுசு! ஆசாமி எங்கே?"

"தோ, வாசல்ல நின்னுகினு கீறாரு" என்று உமர் கார்ப்பரேஷன் விளக்குக் கம்பத்தைக் காட்டினார்.

பாதிக் கூட்டம் சிரித்தது. மீதிப் பாதி என்ன செய்தது தெரியுமா? கம்பத்தை மரியாதையாகப் பார்த்தது! "ஸ்தாவரத்துக்கும் ஜீவன் உண்டு" என்று சுவாமிகள் சமாளித்தார். "கம்பத்துக்கு இருக்கற யோகம் பார்த்தேளா!" என்று பென்ஷன்காரர் பெருமூச்சு விட்டார். கும்பலோடு நின்ற எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அவர் தலையில்.

காமாக்ஷி முன்னே வந்தாள். புடவைத் தலைப்பை நனைத்துப் பொட்டை அழித்தாள். சுவாமிகளின் தட்டிலிருந்தே குங்குமம் எடுத்து, சக்கரத்தின் நேர் எதிர்ப் பக்கத்தில் புதுப் பொட்டு வைத்தாள்.

"இப்போ சுத்துங்கோ. எங்காத்துக்காரர் பேருக்கே சுத்துங்கோ."

"அம்மணி, அது ஆகம விரோதம்..."

"நீங்க சுத்தலைன்னா நான் சுத்தறேன்." சுற்றிவிட்டாள். பொட்டு அடியில் போய் நின்றது. பென்ஷன்காரர் பேருக்குச் சுற்றினாள். அடியில் நின்றது. "சாமி, உங்க பேருக்கு" என்று சுற்றினாள். அதற்கும் தலை குனிந்தது.

"ஏன் சாமி, இத்தனை நாழி கம்பத்தைக்கூட வரிச்சுதே! பொட்டு இடம் மாறினதும் ஊர்ல ஒருத்தரையும் பிடிக்கலையா?"

உமர் சக்கரத்தின் அடியில், புதுப் பொட்டு நின்ற இடத்தில், டயரை நெம்பினார். உள்ளேயிருந்து தட்டையான ஈயத்துண்டு ஒன்று டொப்பென்று விழுந்தது.

"இதாம்பா ராகு. கனமான பக்கம் கீழ போவும், எதிர்ப்பக்கம் மேல வரும். அவ்ளோதான் சூட்சுமம்." பக்கத்தில் நின்ற குட்டைச் சைக்கிளின் டயரையும் நெம்பினார். அதில் ஈயம் பொட்டுக்கு நேர் கீழேயே இருந்தது.

வேம்புவின் முகம் செத்துப்போயிற்று. "கனம் கீழே போகும்னு நானே போர்டுல எழுதிப் பாடம் நடத்தறேனே, ஓய்!" என்றார். நடத்துவார், அய்யா. போர்டில் எழுதினதைப் பள்ளிக்கூடத்திலேயே அழித்துவிட்டு வருவதுதானே நம் வழக்கம்!

"சாமிதான் நைனா பண்ணாரு, எனக்கு இன்னா தெரியும்?" என்று முதலியார் கையை விரித்தார்.

சுவாமிகளின் ஸம்ஸ்கிருதம் பறந்துவிட்டது. "அடப்பாவி மாசிலாமணி! ஈயத்த வாங்கியாந்தது உங்கப்பனா? பாதிப் பங்கு துன்னுட்டு இப்ப என்னைக் காட்டிக் குடுக்குறியா?"

கூட்டம் நெருங்கியது. சுவாமிகள் பாய்ந்து வாசலில் நின்ற ஒரு நெட்டைச் சைக்கிளில் தாவி ஏறினார். கால் பெடலுக்கு எட்டவில்லை. வண்டி தானாக உருண்டு கம்பத்தப்பன் மேல் மோதி, சுவாமிகளைச் சாக்கடையில் இறக்கிவிட்டது. சங்கிலி அவருடைய காவியை வைத்துக்கொண்டது. கூட்டம் முதலியார் பக்கம் திரும்பவே, அவர் மறுபேச்சில்லாமல் எல்லாருக்கும் குட்டை வண்டியை மாற்றிக்கொடுத்தார்.

வேம்பு உட்கார்ந்து பார்த்தார். இரண்டு காலும் தரையைத் தொட்டன. மனுஷர் குழந்தை மாதிரி சிரித்தார். பொழுது சாய்கிறவரை உமர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக் கற்றுக்கொடுத்தார். பிரேக் விஷயத்தை மட்டும் இருவருமே மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை மணி அடிக்குமுன்பே வேம்பு ஐயர் கேட்டுக்குள் நுழைந்தார், ஹெட்மாஸ்டரையும் தாண்டினார், செம்பருத்திப் புதருக்குள் போய்ச் சேர்ந்தார். புதருக்குள்ளிருந்து "ஆஜர், சார்!" என்று குரல் வந்த பிறகுதான் மணி அடித்தது. வேலை தப்பியது.

இத்தோடு மயிலாப்பூர் திருந்தியிருக்கும் என்கிறீர்களா? மறுநாள் அந்தப் பென்ஷன்காரர் என்னைத் தெருவில் மடக்கினார். "சுவாமிகள் மோசம் பண்ணிட்டார், வாஸ்தவம். ஆனா நல்ல சைக்கிள் ஜோசியர் வேற யாராவது இருக்காரா?"

நான் சொன்னேன்: "உம்முடைய கால் எவ்வளவு நீளம் என்று சனிக்கிரகத்தைப் போய்க் கேட்காதீர், ஓய். கால் உம்மிடம்தானே இருக்கிறது? தலையும் உம்மிடம்தான் இருக்கிறது. ஒருநாளாவது அதைச் சுற்றிவிட்டுப் பாரும், உள்ளே இருப்பது மூளையா ஈயமா என்று தெரிந்துவிடும்."