அலைச்சாமியும் ஆறு பெட்டிகளும்

2017ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆக்லாந்துத் தமிழர்களுக்குக் காது வழியாக ஒரு கண்டம் வந்தது. வந்திருக்கிறது என்று சொன்னவர் சுந்தரமூர்த்தி. அதைப் போக்க வழி வைத்திருந்தவரும் சுந்தரமூர்த்தியே. நோயும் மருந்தும் ஒரே கடையில் கிடைத்தால் அலைச்சல் மிச்சம்தானே? மவுண்ட் ரோஸ்கில்லில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூட்டம் நெரிந்தது. கார் நிறுத்த இடமில்லாமல் பக்கத்துச் சர்ச்சின் வாசலை மறித்து நிறுத்தினார்கள்.

முந்தின வருடம்வரை அவர் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். போணியாகவில்லை. திடீரென்று ஒருநாள், கண்ணுக்குத் தெரியாத அலைகள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிய ஆரம்பித்தன. அலைச்சாமி ஆனார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, கையில் நூலில் தொங்கும் பளிங்குக் குண்டு. குண்டு வலமாகச் சுற்றினால் நல்ல அலை, இடமாகச் சுற்றினால் கெட்ட அலை. சுற்றாமல் நின்றால்? நின்றதே இல்லை. சாமியின் விரல்களுக்கு அவ்வளவு கருணை.

மைக்ரோவேவ், வைஃபை எல்லாவற்றுக்கும் குண்டு சுற்றியது. ஆனால் சாமியின் புகழைத் தூக்கி நிறுத்தியது வயர்லெஸ் கேமிங் ஹெட்செட். அதிலும், மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் மாட்டும் ஹெட்செட்.

"கண்ணாடிக் காம்பு உலோகம். உலோகம் என்றால் ஏரியல். ஹெட்செட்டின் அலையை அது பிடித்து நேரே மூளைக்குள் இறக்குகிறது!" என்றார் சாமி.

கூட்டத்தில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். வாரத்தில் ஐந்து நாள் எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவர்கள். சனிக்கிழமை விடுமுறை அல்லவா, மூளைக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் லெட்சுமணன் உட்கார்ந்திருந்தார். மலேசியாவின் ஈப்போக்காரர். ஆக்லாந்துக்கு வந்து பத்து வருடம். நாற்பது வயது, கண்ணாடியின் பவர் மைனஸ் ஐந்து. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஈப்போவில் இருக்கும் தம்பி தினேஸ்வரனோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை போடுவார். அங்கே அப்போது மதியம் ஒரு மணி. இரண்டு ஆண்பிள்ளைகள் போன் போட்டு நலம் விசாரித்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆளுக்கொரு துப்பாக்கி கையில் இருந்தால் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். தம்பியின் வேலைக் கஷ்டம், வீட்டுக் கடன், அவன் மகளுக்குப் பல் விழுந்தது, எல்லாம் குண்டுமழைக்கு நடுவில்தான் லெட்சுமணனுக்குத் தெரியவரும்.

தொல்லை என்னவென்றால், அரை மணி நேரத்தில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விண் விண் என்று தெறிக்கும். ஹெட்செட்டை மாற்றலாம் என்று பார்த்தார். இருநூறு டாலரை ஒட்டிய விலையில் இன்னும் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்றில் நிறைய விளக்கு. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, பஞ்சு மெத்தை மாதிரி துணிக் குஷன் மட்டும். எதை வாங்குவது? நானூறு விமர்சனங்களைப் படித்தார். படித்ததில் தலைவலி கூடியது. கடைசியில் தன் ஹெட்செட்டை ஒரு பையில் போட்டு, மற்ற இரண்டின் படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு சாமியிடம் வந்தார்.

"வாசலில் நுழையும்போதே விஷம் அடித்தது," என்றார் சாமி. குண்டு ஹெட்செட்டின் மேல் இடமாகச் சுற்றியது. படங்களின் மேலும் இடமாகவே சுற்றியது. காகிதத்திலிருந்தும் கதிர் வீசும் போலிருக்கிறது.

"குற்றம் கருவியில் இல்லை. இதன் வழியாக உங்களிடம் பேசுவது யார்?"

"தம்பிங்க சாமி."

"சொந்தத் தம்பி?"

"ஆமாங்க."

சாமி கண்ணை மூடினார். நீண்ட பெருமூச்சு விட்டார். "பொறாமை! அந்தக் காலத்தில் கண்ணேறு கண்ணால் வந்தது. இப்போது வயர் இல்லாமலே வருகிறது. ஒரு மண்டலம் தம்பியோடு பேச்சு வேண்டாம். உலோகக் கண்ணாடியும் வேண்டாம். துளசிக்கட்டைச் சட்டம் தருகிறேன், அதில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்."

சட்டம் சாமியின் கார் டிக்கியில் தயாராக இருந்தது. நூற்றுத் தொண்ணூறு டாலர்.

பெயர் லெட்சுமணன். உடன்பிறப்புக்காகக் காட்டுக்குப் போனவனின் பெயர். இவர் வீட்டில் உட்கார்ந்தபடியே உடன்பிறப்பைக் கத்தரித்துவிட்டார். முதல் ஞாயிறு, "அண்ணே, லைன்ல காணோம்?" என்று தம்பியின் செய்தி வந்தது. இரண்டாம் ஞாயிறு, "அண்ணே, காய்ச்சலா?" மூன்றாம் ஞாயிறு வந்த செய்தியை லெட்சுமணன் நான்கு தடவை படித்தார். "நான் ஏதும் தப்பா பேசிட்டேனா அண்ணே?"

பதில் போடக் கை பரபரத்தது. நாற்பத்தெட்டு நாளில் பதினைந்துதான் ஆகியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவி கிளாரா பார்த்துக்கொண்டே இருந்தாள். "தலை வலிச்சதுக்குத் தம்பிய விட்டுட்டீங்க. நாளைக்கு முதுகு வலிச்சா என்னைய விட்ருவீங்களா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது லா," என்று சொல்லிவிட்டு, கட்டைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நியூ லின் மாலில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார்.

கடையில் இருந்தவள் தனுஷா, யாழ்ப்பாணத்துப் பெண். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன அண்ணை, கதவு நிலையோ?"

"துளசிக்கட்டை. அலை புடிக்காது."

"நீங்கள் போட்டிருக்கிற கண்ணாடியை ஒருக்காக் கழட்டுங்கோ." கழற்றினார். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம். "இது என்னெண்டு வந்தது?"

"அலை இறங்குன எடம். சாமி சொன்னாரு."

"அலை இல்லை அண்ணை, அமுக்கம். ஹெட்செட் ரெண்டு பக்கத்தாலயும் இறுக்குது. இடையில கண்ணாடிக் காம்பு மாட்டுப்பட்டு எலும்பில குத்துது. அவ்வளவுதான். இந்தக் கட்டை அதைவிட மும்மடங்கு தடிப்பு. போட்டா மண்டை பிளக்கும்."

லெட்சுமணனுக்குக் கோபம் வந்தது. பதினைந்து நாளுக்கு மேல் தம்பியோடு பேசாமல் இருந்தவரிடம் வெறும் அமுக்கம் என்றால் எப்படித் தாங்குவார்? "சாமிய அப்படிச் சொல்லாதீங்க. பையில இருந்த ஹெட்செட்ட வாசல்லயே கண்டுபுடிச்சவரு!"

"பையின்ர வாய் திறந்து கிடந்ததோ?"

கிடந்தது. லெட்சுமணன் அதைச் சொல்லவில்லை. "அவரு மூடுன பெட்டிக்குள்ள இருந்தாலும் கண்டுபுடிப்பாரு!"

"ஓம், நல்லது. அப்ப எல்லாருக்கும் முன்னால செய்து காட்டட்டும். அவர் இதில வெண்டால், இந்தக் கதவு நிலைக்கு நான் சும்மா கண்ணாடி வெட்டித் தாறன்."

"பாத்துருவோம்!" என்றார் லெட்சுமணன். சாமியின் மானத்தைக் காப்பாற்ற அவரே கிளம்பினார். பக்தர்கள் இல்லாவிட்டால் சாமிகளுக்கு ஏது ஆபத்து?

சனிக்கிழமை மண்டபத்தில் தனுஷாவோடு ஒரே மாதிரி ஆறு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் லெட்சுமணனின் விஷ ஹெட்செட். மற்ற ஐந்தில் அதே எடைக்கு ஏதோ ஒன்று, துணியில் சுற்றியது. லெட்சுமணன் எழுந்து, "நம்ப சாமியோட மகிமைய எல்லாரும் பாக்கணும்!" என்று அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

சாமி மட்டும் தட்டவில்லை. "தெய்விக விஷயத்தைச் சோதிக்கக் கூடாது."

முன்வரிசை ரதிதேவி, சாமியின் முதல் பக்தை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெய்வத்தச் சோதிக்கலீங்க சாமி. பெட்டியத்தான்."

ரதிதேவியே பெட்டிகளைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, இஷ்டம்போல் மாற்றி அடுக்கினார். எது எங்கே என்று அவருக்கும் தெரியாது, தனுஷாவுக்கும் தெரியாது. பெட்டிகள் மேசைக்கு வந்தன. எண்கள் ஒட்டினார்கள். சாமி நூலைப் பிடித்தார். முதல் பெட்டி, வலம். இரண்டு, வலம். மூன்று. நான்கின் மேல் குண்டு பேயாட்டம் ஆடியது. சாமியின் உடம்பு நடுங்கியது.

"அப்பப்பா! என்ன வன்மம்! இதோ இருக்கிறான் அந்தத் தம்பி!"

ரதிதேவி பெட்டியைத் திறந்தார். துணியை விலக்கினார். வாயைப் பொத்தினார்.

"குமரா!"

அவ்வளவுதான். "குமரா! முருகா!" என்று மண்டபமே எழுந்தது. கைகள் தலைக்கு மேலே குவிந்தன. பின்வரிசையில் ஒருவர் அழுதேவிட்டார்.

"ஐயோ, அந்தக் குமரன் இல்லீங்க!" ரதிதேவி கையைத் தூக்கிக் காட்டினார். "கிழங்கு!"

நியூசிலாந்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குக் குமரா என்றுதான் பெயர். ஒடாஹுஹு காய்கறிக் கடையில் வாங்கிய நல்ல சிவப்புக் குமரா அது.

சாமி சுதாரித்துக்கொண்டார். "விஷம் பக்கத்துப் பெட்டிக்குத் தாவிவிட்டது."

"அதுக்கென்ன? கலைச்சு வைச்சு இன்னொருக்காப் பாப்பம்," என்றாள் தனுஷா.

இரண்டாம் முறை ஒன்றாம் எண். குமரா. மூன்றாம் முறை குண்டு வெகுநேரம் சுற்றியது, சாமிக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ஆறாம் எண். திறப்பதற்குள் கூட்டமே கோரஸாகச் சொன்னது, "குமரா!" இந்த முறை யாரும் கும்பிடவில்லை.

தனுஷா பெட்டிகளைப் பிரித்து ஹெட்செட்டை வெளியே எடுத்துவைத்தாள். "இப்ப எல்லாருக்கும் தெரியுது. ஐயா, அந்த நூலைக் கதிரையின்ர முதுகில கட்டித் தொங்கவிடுங்கோ. உங்கட விரல் வேண்டாம்." ரதிதேவி சாமியின் கையிலிருந்து நூலை வாங்கி, தானே நாற்காலி முதுகில் கட்டினார். குண்டு ஹெட்செட்டுக்கு மேலே தொங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். துக்க வீட்டுக் கடிகாரம் மாதிரி அசையாமல் நின்றது. சுற்றியது இத்தனை நாளும் விரல்தான் என்று, கடைசி வரிசைவரைக்கும் புரிந்தது.

லெட்சுமணன் எழுந்து நின்றார்.

"சாமி, என் தம்பியும் கிழங்கும் உங்களுக்கு ஒண்ணுதானா? அவனுக்கு வன்மம்னீங்க. மூணு வாரமா அவன் எதுக்குன்னே தெரியாம மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கான்!"

சாமிக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. மணி மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. காதில் வைத்தபடி வாசலுக்கு நடந்தார். கார் டிக்கியை மறித்து அதற்குள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சட்டம் வாங்கியவர்களில் ஒருவர் அதன் உட்புறத்தில் பொறித்திருந்த சின்ன எழுத்தை முதல்முறையாக வாசித்தார். மூங்கில் என்று போட்டிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை சாமியின் கார் நகரவில்லை. அலைகளை அடக்கியவரால் பத்துப் பேரை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை லெட்சுமணன் தனுஷாவிடம் மெல்லிய காம்பு வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டார். அதைப் போட்டபடியே ஹெட்செட் கடைக்குப் போய், பழைய மாடலோடு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். பழையது கிடுக்கிப்பிடி. விளக்கு வைத்தது அழகு, ஆனால் அரைச் செங்கல் பாரம். பார்க்க ஒன்றுமில்லாத அந்தத் துணிக் குஷன் ஹெட்செட்தான் காதை அணைத்துக்கொண்டு, கண்ணாடிக் காம்புக்கும் இடம் விட்டது. நானூறு விமர்சனமும் ஒரு குண்டும் சொல்லாததை இவருடைய காதே ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குப் புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தம்பியை ஆட்டத்துக்கு அழைத்தார்.

"அண்ணே! எங்க போயிட்டீங்க?"

"சாரி டா. ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன். ஒன்னையும் ஒரு கிழங்கையும் ஒருத்தன் ஒண்ணுன்னு சொன்னான். நம்பிட்டேன்."

எதிர்முனையில் சிரிப்பு. "அம்மாவும் அதான் சொல்வாங்க. அண்ணே, பின்னால பாருங்க, பின்னால!"

லெட்சுமணன் சுடப்பட்டு விழுந்தார். விழுந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி குறுக்கே இருந்ததால் கொஞ்சம் சிரமமாக இருந்தது. தலை வலிக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நானும் நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன். அடுத்த வாரம் நியூ லின் கடையில் தனுஷாவைப் பார்க்க வரிசை நின்றது. முதலில் ரதிதேவி, கையில் தேங்காய் பழத் தட்டு.

"நீங்கதாம்மா தெய்வம். என் பையனுக்கு எந்த ஹெட்செட் ராசின்னு உங்க வாயால சொல்லிடுங்க. அப்படியே வாங்கிடறோம்."

தனுஷா தட்டை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

"அக்கா, செருப்பெண்டாலும் போட்டுப் பாத்துத்தானே வாங்குறியள்? மூளையையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. இறுக்காது."