ஆள்காட்டிக்குப் பிரசவ லீவு கொடுத்தவர்

கொக்குக்கு அரைநாள் லீவு போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருகோணமலையில் எங்கள் அரசாங்கக் கந்தோரில் இருந்த 'செக்றோல்' ஓவசியர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்குமோ என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

தம்பலகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கக்கத்தில் கூலியாட்களின் வரவு எழுதும் செக்றோல் புத்தகம், கழுத்தில் விசில். ஏழு மணிக்கு விசில் ஊதி, ஆளை நேரே பார்த்த பிறகுதான் வரவு போடுவார். கண்ணால் காணாத ஆளுக்கு, கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் போடமாட்டார். ஒருமுறை தானே காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்து, தன் பெயருக்கு நேரே 'சொல்லாமல் நின்றது' என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார்.

நான் அங்கே தட்டெழுத்தாளர். யன்னலோரம் ஒரு மேசை. ஏழு வருடமாகத் தற்காலிகம். லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள்கூட, "நிரந்தரமாகட்டும், பாப்பம்" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கம்பெனி, துறைமுகத்தின் உட்குடா ஓரமாக இருந்த சதுப்பை மூடிக் களஞ்சியம் கட்ட எங்கள் கந்தோரிடம் அனுமதி கேட்டது. கடன் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்த இடத்தில் என்னென்ன பறவை, எத்தனை என்று எண்ணி அறிக்கை தரவேண்டுமாம். எங்கள் கந்தோர்ப் பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"எண்ணுறதெண்டால் எங்கட ஓவசியரை விட்டால் ஆர்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "மாசக் கடைசிக்குள்ள அறிக்கை கொழும்புக்குப் போகவேணும், பிள்ளை. போனால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுவன். போகாட்டில் வீட்டில நிண்டுகொள்ளும்."

ஓவசியர் புதுச் செக்றோல் ஒன்று திறந்தார். நாரை, கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம், ஆள்காட்டி என்று மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஒற்றைக் காலில் நின்ற கொக்குகளுக்கு அரைநாள். கூழைக்கடாவுக்கு நேரே 'மேற்பார்வை. வேலை ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். அது யாரைக் குத்துகிறது என்று நான் கேட்கவில்லை. காகத்தை மட்டும் சேர்க்கவில்லை.

"அதுகள் வேலைக்கு வந்ததுகள் இல்லைப் பிள்ளை. கதைக்க வந்ததுகள்."

மறுநாள் முறைப்படி வரவு எடுக்கப் போனவர், ஏழு மணிக்கு விசில் ஊதினார். அறுபத்திரண்டும் எழும்பிப் பறந்தன. மனிதர் விட்டாரா? ஒரு கிழமை தினமும் ஊதினார், தினமும் பறந்தன. கிழமை முடிவில் 'பெயர் அறுபத்திரண்டு, வரவு ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. "குருவியே இல்லை! பிள்ளை, அடியும்!"

"அடிக்க ஏலாது சேர்," என்றார் ஓவசியர். "வராத ஆள் வேற, இல்லாத ஆள் வேற. பேர் செக்றோலில கிடக்குது. நிப்பாட்டுறதெண்டால் ஒரு கிழமை நோட்டீஸ் குடுக்கவேணும்."

கொடுத்தார் ஐயா, கொடுத்தார்! முழங்கால் சேற்றில் நின்று, "நாரைகள், கொக்குகள் மற்றும் சகலருக்கும் இத்தால் அறியத்தருவது" என்று தொண்டை கிழிய வாசித்தார். சாட்சிக் கையொப்பம் வைக்க நானும் குடையோடு போய்ச் செருப்பொன்றைச் சேற்றுக்குள் பறிகொடுத்தேன்.

நோட்டீஸ் முடிந்தபோது மாதக் கடைசிக்கு மூன்று நாள். நான் தாளைச் செருகிக்கொண்டு காத்திருந்தேன். ஓவசியர் வந்து நின்றார்.

"பிள்ளை, ஆள்காட்டி ஒண்டு கரையோரக் கிறவல் கல்லில நாலு முட்டை இட்டிருக்குது."

"அதுக்கு?"

"பிரசவ லீவில நிக்கிற ஆளை நிப்பாட்ட ஏலாது. குஞ்சு ஓடித் திரியுமட்டும் இடத்தை மூடலாமெண்டு கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஓவசியர், நிப்பாட்டப் போறது என்னை!" என்று கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்கள் இங்க எந்த மாசம் வந்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டார். விக்கலோடு சொன்னேன். குறித்துக்கொண்டார். பாவி மனிதருக்கு என் கண்ணீருக்கும் திகதி வேண்டியிருக்கிறது என்று பற்றிக்கொண்டு வந்தது.

'ஆள்காட்டி: பிரசவ லீவு. திரும்பும்வரை இடத்தை மூடக்கூடாது' என்று எழுதித் தந்தார். வருவது வரட்டும் என்று அப்படியே அடித்தேன். பெரியவர் வழக்கம்போல வாசிக்காமலே கையொப்பம் வைத்தார். செக்றோலையும் இணைத்து அன்றைக்கே தபாலில் சேர்த்தோம்.

இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பரம திருப்தியாம். குஞ்சுகள் போகும்வரை வேலை தொடங்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்களாம். ஒரேயொரு விளக்கம் மட்டும் தேவையாம். பெரியவர் உரத்து வாசித்தார், வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

"செக்றோலில் அறுபத்துமூன்றாவது வரி: 'பிள்ளை, ஒன்று. யன்னலோரம் இருப்பது. மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஏழு வருடம் ஒருநாளும் தவறாமல் வருவது. உடன் நிரந்தரமாக்கவும்.' இது எந்த இனப் பறவை? அருகி வருவதா?"

பெரியவர் ஒரு மணித்தியாலம் கத்தினார். ஆனால் பதில் எழுதத்தானே வேண்டும்? 'அது பறவையல்ல, எமது தற்காலிகத் தட்டெழுத்தாளர்' என்று எழுதினார். அதையும் நான்தான் அடித்தேன். 'ஏழு வருடமாக ஏன் தற்காலிகம்?' என்று அடுத்த கடிதம் வந்தது. அதற்கடுத்த கடிதம் என் நியமனம்.

நன்றி சொல்ல ஓடினேன். "நான் கண்டதைத்தான் எழுதினனான்," என்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்று நான் ஓய்வூதியம் எடுக்கிறேன். அத்தனை பேர் நடமாடிய அந்தக் கந்தோரில், ஏழு வருடம் நான் வந்து போனதைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். இப்போதும் எங்கேயாவது விசில் சத்தம் கேட்டால் என் வாய் தன்பாட்டில் சொல்லும்: "வந்திட்டன், ஓவசியர்."