பான்வாலா கேட்காமலே கொடுத்த பாக்கெட்

2002-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸ். இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் என் மனைவி காமாக்ஷி ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்தாள்.

"ஏன்னா, என்ன இது?"

என் பிராண்டேதான்! ஸ்கூட்டர் டிக்கியில், துடைக்கிற துணிக்கு அடியில், பதினெட்டு வருஷமாகக் காப்பாற்றிய ரகசியம்.

செக்‌ஷன் ஆபீசர் மூளை சட்டென்று வேலை செய்தது. ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளு!

"சொல்ல வேண்டாம்னு பார்த்தேன், காமு. நம்ம ப்ரசன்னா பையிலேர்ந்து நான் பிடுங்கினது."

"லெவன்த் படிக்கிற குழந்தையா!"

"குழந்தையாம்! எல்லாம் நீ குடுக்கற செல்லம். நான் கண்டிக்கறேன், நீ குறுக்கே வராதே."

நான் அதட்டுவேன். அவன் "நான் இல்லை" என்பான். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவேன். திட்டம் அவ்வளவுதான்.

"டேய் ப்ரசன்னா! இது என்னடா?"

பிள்ளை வந்து பாக்கெட்டைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அழுதேவிட்டான்.

"சாரிப்பா! ஸ்கூலுக்குப் பின்னாடி எல்லாரும் பிடிக்கறா... நான் தினம் ஒண்ணே ஒண்ணுதான். கசம் ஸே, சத்தியமா!"

அதட்டல் வாயிலேயே செத்தது. பதினாறு வயசு. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"எவன்டா உனக்குக் குடுக்கறான்?"

"உன் ஸ்கூட்டர் டிக்கியிலேர்ந்துதான் எடுப்பேன். குறையறது உனக்குத் தெரியவே இல்லையாப்பா?"



காமாக்ஷி மெதுவாகப் பாக்கெட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"பாருங்கோ. இன்னும் பிரிக்கவே இல்லை. கார்த்தால நான்தான் வாங்கிண்டு வந்தேன்."

"நீயா? என் பிராண்ட் உனக்கெப்படி..."

"நேக்கெங்கே தெரியும்? தெருமுனை வெத்தலைக்கடை பான்வாலாகிட்ட 'எங்காத்து ஸாப் பிடிக்கறது ஒண்ணு குடு'ன்னேன். எதுன்னு கேக்காமலே எடுத்துக் குடுத்தான். உங்களை ஒத்துக்க வைக்கத்தான் வாங்கினேன்." அவள் ப்ரசன்னா பக்கம் திரும்பினாள். "இவனும்னு இப்பத்தானே தெரியறது!"

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தீர்ப்பு உடனே வந்தது. ஸ்கூட்டர் சாவி அவளிடம், எனக்கு பஸ். தினமும் சாயங்காலம் ப்ரசன்னா வாயை நான் மோந்து பார்க்க வேண்டும். என் வாயை அவன். இருவரும் தனித்தனியே அவளிடம் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் ஆயிற்று. பிள்ளை ஏழு நாளும் பாஸ்.

நான்தான் இரண்டு நாள் ஃபெயில்.