நயாகராவில் நனைந்த புள்ளிவிபரவியல்

எனக்குப் பொறாமைக்குணம் உண்டு. இதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. என் குடும்பத்தில் இது தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை, ஐரோப்பாவில் இருப்பவர்கள் உட்பட.

ஆரணி என் பெரியம்மாவின் மகள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, கனடாவில் ஒரே பல்கலைக்கழகம். மூன்றாம் வருடத்தில் ஒரு தவணை நெதர்லாந்தில் போய்ப் படிக்க இருவரும் விண்ணப்பித்தோம். அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு, 'இம்முறை போட்டி கடுமையாக இருந்தது' என்று ஒரு கடிதம் கிடைத்தது. (அந்தப் போட்டி யாரென்று எனக்குத் தெரியும். பிக்கரிங்கில், பெரியம்மா வீட்டில் இருக்கிறாள்.)

ஜனவரியில் போனாள். நான் இங்கே மல்வேர்னில் பஸ்சுக்கு மூக்கு விறைத்து நிற்கும்போது கைத்தொலைபேசியில் அவளுடைய படங்கள் வந்து விழும். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிய ரயிலேறுவாள். ஒரு வாரம் பிரசெல்ஸ், மறுவாரம் பேர்லின், அதற்கடுத்த வாரம் ப்ராக். நான் ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்ப்பேன். எங்காவது மூக்கு ஒழுகும் ஒரு தடிமன், குறைந்தது ஒரு மழையாவது இருக்காதா? பெப்ரவரியிலும் அவளுக்கு வெயில் எறித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய், முகத்தை அக்கறையாக வைத்துக்கொண்டு பற்றவைத்தேன்.

"பெரியம்மா, அவள் தனிய ஹொஸ்டல் ஹொஸ்டலாத் திரியிறாள். பிறகு எப்ப படிக்கிறது?"

பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "ஓமடா தம்பி. பாரிசில மாமா இருக்க, சுவிஸில சித்தி இருக்க, பிள்ளை ஏன் கண்ட இடத்தில படுக்கவேணும்? இனி அவையின்ர வீடுகளிலயே நிக்கச் சொல்லுறன்."

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். சொந்தக்காரர் வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க சோபாவில் இருந்து கலியாண அல்பம். ஆரணியின் ஐரோப்பா அத்தோடு முடிந்தது என்று அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து வந்த படத்தில் சுவிஸ் சித்தப்பா அவளைக் காரில் ஏற்றிப் பனிமலைக்குக் கொண்டுபோயிருந்தார். அதற்கடுத்ததில் நண்டுக்கறி. பிறகு சித்தி வீட்டு மேசையில் ஆரணி கட்டுரை எழுதுகிறாள், பக்கத்தில் ஒரு தட்டு வடை. ஹொஸ்டலில் கிடைக்காத வசதி எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். அவள் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாள். அவளை மேற்பார்வை பார்த்ததில் நான் புள்ளிவிபரவியலில் கோட்டைவிட்டேன்.

கோடையில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்தேன். இதுவும் போனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த நேரம் பார்த்துச் சித்தியும் சித்தப்பாவும் கனடா வந்து இறங்கினார்கள். "ஆரணி வந்து நிண்டு எங்களுக்கும் ஆசை காட்டிப்போட்டாள்" என்றார் சித்தி. தங்கியது எங்கள் வீட்டில், என் அறையில்.

கடைசி ஒப்படை சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போகவேண்டும். அன்று காலை அம்மா வான் வண்டியை ஓட்டச் சொல்லித் திறப்பைக் கையில் தந்தார்.

"அம்மா, எனக்கு அசைன்மென்ற் இருக்கு."

"நயாகரா காட்டாமல் அனுப்பினால் அதுகள் என்ன நினைக்குங்கள்?"

எங்களோடு வருவதற்காக வந்திருந்த ஆரணி முன்சீற்றில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "நான் எஸ்ஸே எல்லாம் ரெயினிலதான் எழுதினனான். இட்ஸ் நொட் தற் ஹார்ட், கோகுல்."

எனக்கு அந்த ஒரு வசனம் போதும். அவள் ரயிலில் எழுதுவாள் என்றால் நான் படகில் எழுதமாட்டேனா? (மாட்டாய் என்று சொல்ல, புத்தியுள்ள ஒருவரும் அந்த வானில் இருக்கவில்லை.) மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போகும் படகில் ஆளுக்கொரு மெல்லிய மழையங்கி தருவார்கள். நான் என்னுடையதைக் கணினிக்குப் போட்டேன். இரண்டே வரி மிச்சம். ஆரணி பார்க்கிறாளா என்று நிமிர்ந்தேன். பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று மழையங்கியை விலக்கி, கால்மேல் கால் போட்டு, ஸ்ரைலாகத் தட்டினேன். சித்தி அதை ஒரு படம் எடுத்தார். அடுத்த நிமிடம் படகு திரும்பியது, நயாகராவில் பாதி என் மடியில் இருந்தது. ஒப்படைக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

கரைக்கு வந்ததும் சித்தப்பா என்னைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போய், கை காயவைக்கும் மெசினுக்குக் கீழே கணினியைப் பிடித்தார்.

"பயப்பிடாதை தம்பி, உது இப்ப காஞ்சிடும்."

எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் ஈரக்கையோடு நின்றார்கள். கணினி காயவில்லை.

நடந்ததை விரிவுரையாளருக்கு எழுதினேன். ஆதாரம் கேட்டார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் சித்தி எடுத்த படம். அதில் நான் கால்மேல் கால் போட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். பொழுது இனிதாகக் கழிந்ததில் மகிழ்ச்சி, ஆனால் மேலதிக அவகாசம் தர இயலாது என்று மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார். அடுத்த வருடம் ஆரணி பட்டமளிப்புத் தொப்பியோடு நிற்க, படம் எடுத்தவன் நான்.

இப்போதும் நான் கணினியோடு வெளிக்கிட்டால், "அதுக்கும் கோட் போட்டனியோ?" என்று அம்மா கேட்பார். விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதை வேண்டும். ஆரணிதான் சொல்வாள். சித்தப்பாவின் குரல், மெசினின் இரைச்சல், என் கால்மேல் கால் எல்லாம் செய்து காட்டுவாள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒருமுறை நானே சொல்லத் தொடங்கினேன். "நீ இரடா, ஆரணி சொல்லட்டும்" என்று பெரியம்மா மறித்துவிட்டார். என் மானம் போன கதையைக்கூட என்னைவிட அவள்தான் நன்றாகச் சொல்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்குதில்லை.