எந்த விடுதலை நாளில் கல்யாணம்?

அன்புள்ள சுமலதா அக்காவுக்கு,

செல்வகுமார் வணக்கத்துடன் எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கருவடிக்குப்பத்தில் அம்மா சுகம். அப்பா சுகம். மற்றவை கீழே.

கல்யாணப் பத்திரிகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தாய். அடிக்கவில்லை. கல்யாணம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் கடிதம்.

நீ நினைப்பது போல மதம் காரணமல்ல. ஜோஸ்லின் வீட்டார் வேதக்காரர்கள், நாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அதையெல்லாம் காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். காலையில் சர்ச், சாயங்காலம் மண்டபத்தில் தாலி. இவ்வளவு சுலபமா என்று நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதுதான் அவள் அப்பா தேவதாஸ் மாமா வாயைத் திறந்தார். "எல்லாரும் வரணும்னா கவர்மெண்ட் லீவுல வெச்சுடலாம் சம்பந்தி."

அப்பா யோசிக்கவே இல்லை. "நவம்பர் ஒண்ணு. விடுதலை நாள்."

1954இல் அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊர் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். மில் தொழிலாளியான நம் தாத்தா கூட்டத்தில் நின்று கொடி ஏறியதைப் பார்த்தவர். ஆனால் தேவதாஸ் மாமாவுக்கு அது புனிதர்கள் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள்.

"எம் பொஞ்சாதி கல்லறைக்குப் பூ வாங்கற கையோட கல்யாண மாலையும் வாங்கணுமா? அதுவும் இல்லாம, விடுதலை ஆகஸ்ட் பதினாறு. பாரீசு பார்லிமெண்ட் ஒத்துக்கிட்டதே அறுவத்திரண்டுல. அதுவரைக்கும் சட்டப்படி நாம பிரான்சு."

"சட்டப்படியா! அப்ப அம்பத்தி நாலுல எறக்குனது இன்னா, கொடியா, காயப்போட்ட வேட்டியா?"

அதுவரை சம்பந்தி. அதன் பிறகு அப்பா அவரை, பிரெஞ்சுத் துரைகளை அழைப்பது போல, "முசியே" என்று அழைக்கத் தொடங்கினார்.

ஆகஸ்ட் பதினாறு ஆடிக் கடைசி. அம்மா அடுப்படியிலிருந்தே கூடாது என்றாள். ஒரு நாள் பொறுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆவணி. பாரீசில் யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. "பதினேழுல வெச்சா?" என்றேன். "அது லீவு இல்லியே" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அடுத்த பேச்சு அவர்கள் வீட்டில். சுவரில் தேவதாஸ் மாமாவுடைய தகப்பனாரின் படம், பிரெஞ்சுப் பட்டாள உடுப்பில். "ஜூலை பதினாலு. பிரான்சுக்கே விடுதலை வந்த நாள்" என்றார் தேவதாஸ் மாமா.

"இங்க அது லீவே இல்ல, முசியே. எம் புள்ள லீவு போட்டுட்டு வந்து அடிமை ஆவணுமா?"

"கல்யாணம்னாலே அதான?" என்று சிரித்தார் தேவதாஸ் மாமா.

அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்திருக்கலாம். அப்பா சிரிக்கவில்லை.

ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. ஜோஸ்லினுக்குப் பிரான்சில், லியோன் நகரத்தில் வேலை. அக்டோபர் கடைசிக்குள் சேர வேண்டும். கல்யாணம் முடிந்து நானும் போவதாக இருந்தது. பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றேன். "எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான். அவர் கையால என்னக் கட்டிக் குடுக்கணும்" என்றாள்.

அவள் புறப்பட்ட அன்று நம் அப்பாவும் வழியனுப்ப வந்தார். கார் கதவருகே அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"எந்தத் தேதின்னாலும் எனக்குச் சரிதான் மாமா. யாரும் என்னக் கேக்கல."

அப்பா ஆசீர்வாதம் செய்ய உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கார் போய்விட்டது.

நவம்பர் ஒன்று. அப்பா கடற்கரைச் சாலைக்கு அணிவகுப்பு பார்க்கப் போனார். மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் தேடிப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். ஜோஸ்லின் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் குத்திய காகிதக் கொடியெல்லாம் சுண்ணாம்பு. தேவதாஸ் மாமா வாளியைப் பிடித்திருந்தார். "அந்த மூல விட்டுப்போச்சு பாருங்க" என்றார். அப்பா அந்த மூலையை அடித்தார். இப்போது சம்பந்தியும் இல்லை, முசியேயும் இல்லை. வாங்க, போங்கதான்.

இனி தேதி எதுவானாலும் இருவருக்கும் சம்மதமாம். பெண்தான் இங்கே இல்லை.

எனக்கு வருத்தமில்லை அக்கா. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். அப்பாவிடம் எதுவும் கேட்காதே. நீ முன்பு சொன்ன திண்டிவனத்துப் பெண்ணின் போட்டோவை அனுப்பச் சொல். எந்தக் கிழமையானாலும் பரவாயில்லை என்று சொல்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தம்பி,
செல்வகுமார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜோஸ்லின் அழைத்தாள். வேலைக்குப் போகவில்லையா என்றேன். "இங்க இன்னிக்கு லீவு" என்றாள். நவம்பர் பதினொன்று. முதல் உலகப் போர் நின்ற நாளாம். அந்தப் போரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. வெகுநேரம் யாரும் போனை வைக்கவில்லை.

திண்டிவனத்துக்குச் சொல்ல வேண்டாம்.