பொருந்தாத சாமான்

"ஐறீன், இது வலப்பக்கத்துக்கு உரியதடி!"

காருக்கு அடியிலிருந்து செபஸ்தியனின் குரல் மட்டும் வந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் அந்தப் பழைய கார், முன் சில்லு ஒன்று இல்லாமல் தூக்கி நிறுத்தும் ஜக்கில் நின்றது.

"கடைக்காரன் அதைத்தானே தந்தவன்."

"பழசைப் பையில போட்டுத் தந்தனானே. காட்டினியா?"

"காட்டினனான். ரெண்டும் ஒண்டு போலத்தான் கிடந்துது."

முடி கொட்டிப்போன தலையைத் துவாயால் மூடிக்கொண்டு அவர் மனைவி ஐறீன் படியில் இருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும். போன தடவையும் செபஸ்தியன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல வெளியே காரோடு காத்து நின்றார். திரும்பி வரும்போது கார் பள்ளத்துக்குப் பள்ளம் 'டொக், டொக்' என்று அடித்தது. ஐறீன் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"இந்தக் காரைத் திருத்தாமல் இனி ஏறமாட்டன்" என்றாள் வாசலில்.

அவளுடைய புற்றுநோய் வருத்தத்துக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. குலுக்காத ஒரு காராவது கொடுக்கலாமே!

"கராஜில விடன், செபஸ்தியன்" என்றார் பக்கத்து வீட்டு ஹியூபேட், மதிலுக்கு மேலால்.

"சில்லைப் பிடிக்கிற ஒரு போல் ஜொயின்ற் மாத்த கராஜா? நான் துறைமுகத்தில கிரேனுகளைப் பாத்தவன்."

"கிரேன் நிண்ட இடத்திலதானே நிக்கும். உன்ர காரும் அப்பிடித்தான் நிக்குது."

அடுத்த செவ்வாய், சந்தி த்ரீவீல்காரன் ரெனால்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் வழியில், ஐறீன் இடப்பக்கத்துச் சாமான் கொண்டுவந்தாள். அது ஒரு நூல் பெரிசு. செபஸ்தியன் சுத்தியலால் அடித்து இறக்கினார். அது இறங்கவில்லை, அதைத் தாங்கும் இரும்புக் கைதான் வெடித்தது.

அதற்கு அடுத்த செவ்வாய் வந்த இரும்புக் கை வேறு ஏதோ காருடையது. நெம்பிப் பொருத்தப் பார்த்ததில் ஜக் சறுக்கியது. கார் ஒரு முழங்காலில் விழுந்தது. குலுக்கலைத் தாங்கும் ஷொக் அப்சோபர் நசுங்கி எண்ணெய் கக்கியது.

அதற்குப் பதிலாக அவள் கொண்டுவந்தது ஒரு வான் வண்டியுடையது. ஹியூபேட் அதை வாங்கி நிமிர்த்திப் பார்த்தார்.

"இதைப் பூட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கும். நேரே கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு விட்டுப் பறக்கலாம்."

ஐறீன் இருமி இருமிச் சிரித்தாள். கழுத்தெலும்பு இன்னும் மேலே வந்திருந்தது.

"என்ன சிரிப்பு? உன்ர கண் எங்க போச்சு?" என்று கத்தினார் செபஸ்தியன். "அடுத்த கிழமை நானும் கூட வாறன்!"

"ஒழுங்கையை மறிச்சுக்கொண்டு நிக்குதெண்டு சனம் ஏசுது. நீங்கள் காரைப் பாருங்கோ. நான் ரெனால்டின்ர த்ரீவீலில போறன்தானே."

"அது குலுக்குமடி."

"பழகிட்டுது."

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் அவள் புறப்பட்டதும், பழைய இரும்புகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு தானே, பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினார். முதல் கடையிலேயே, "தியெனவா, இருக்கு அங்கிள்" என்று சிங்களக் கடைக்காரன் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தான்.

சாமானெல்லாம் கை சொன்னபடி கேட்டது. மத்தியானத்துக்குள் சில்லு பூட்டியாகிவிட்டது. ஜம்பட்டா வீதிப் பள்ளத்தில் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். ஒரு சத்தமில்லை. செபஸ்தியனுக்குக் கண் கலங்கியது.

சந்தியில் த்ரீவீலுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தான் ரெனால்ட்.

"டேய், இனி உனக்கு வேலையில்லை! ஐறீனை நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன். ஆஸ்பத்திரியில எந்த வாசல்ல நிப்பாள்?"

ரெனால்ட் எழுந்து உட்கார்ந்தான். காரின் முன் சில்லுகளைப் பார்த்தான். செபஸ்தியனின் கையிலிருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தான்.

"அங்கிள், இனி மருந்தில்லையெண்டு டொக்டர் சொன்ன நாளிலயிருந்து அன்ரி கொச்சிக்கடைக் கோயில்லதான் இறங்கிறவ. கார் ஓடினால் நீங்கள் கூட்டிக்கொண்டு போவியள், உங்களுக்குத் தெரிஞ்சிடுமெண்டு, பொருந்தாத சாமானாத் தேடித் தேடித்தான் நாங்கள் கடை கடையா ஏறி இறங்கினனாங்கள்."