ஆசிம் தும்மியதும் அத்தா ஓடியதும்

ஆசிம் மறுபடியும் தும்மினான்.

ஹாசிம் பாய்ந்துபோய் மகனின் மூக்கைத் துண்டால் பொத்தினான். சமையலறையில் மனைவி ஷஹானா நாசி கோரெங் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அவள் காதில் விழவில்லை.

"டேய், சளியா?"

"தெரியல அத்தா. தானா வருது."

"வரக்கூடாது. சனிக்கிழமை வரைக்கும் உனக்கு எதுவும் வரக்கூடாது."

பள்ளிக்கூடம் அன்றைக்குத்தான் திறந்திருந்தது. அதற்கு முந்தின நாள் ஹாசிம் வாயைத் திறந்ததுதான் வினை.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சாயம் போகுமா என்று கேட்டால், "உங்க கலர் போனாலும் இது போகாதுக்கா" என்பான். வியாபாரம் ஆகும். அதே வாயை வீட்டுக்கும் கொண்டுவந்தான். அங்கேதான் தப்பு.

"வருஷா வருஷம் ஸ்கூல் தொறந்த வாரமே ரெண்டும் டாக்டர்கிட்ட எம்.சி. லீவுச் சீட்டு வாங்கிட்டுப் படுத்துக்குதுங்க. ஏன் தெரியுமா ஷஹானா? உங்கிட்ட ஒரு சிஸ்டம் கிடையாது."

"அப்படியா."

"ரெண்டு புள்ளைங்கள சீக்கு வராம வச்சுக்கிறது என்ன மலையப் பொரட்டுற வேலையா லா?"

ஷஹானா கோபப்படவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்கணும். ஆகவில்லை.

"அப்போ இந்த வாரம் நீங்களே பாத்துக்குங்க. ரெண்டு பேரும் ஒரு நாள்கூட லீவு போடாமப் போயிட்டா, சனிக்கிழமை கௌஸ்கூட நீங்க கடலுக்குப் போகலாம். இல்லன்னா எங்கம்மாவுக்குப் பெருநாள் துணி எடுக்க நீங்கதான் கூட வரணும்."

"நம்ம கடையிலயே எடுக்கலாமே."

"உங்க கடைத் துணி அவங்களுக்குப் பிடிக்காது. எதுத்த கடையில."

எதிர்க்கடையில் மாமியாரின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றால், அந்தத் தெருவில் அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கடை நடத்துவது? ஜெயித்தாலோ கடல். ஷஹானாவின் தம்பி கௌஸ் போர்ட் கிள்ளானில் படகு பேசி வைத்துவிட்டான். ஹாசிம் கனவில் சிவப்பு மீன் துள்ள ஆரம்பித்துவிட்டது.

அதனால்தான் இப்போது மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். டாக்டரிடம் போனால் எம்.சி. வரும். ஷஹானாவிடம் சொன்னால் மாமியார் வருவார். வழி ஒன்றுதான். சத்தமில்லாமல் தானே குணப்படுத்திவிடுவது.

மறுநாள் சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே எழுந்தான். கருஞ்சீரகத்தைப் பொடித்துத் தேனில் குழைத்து ஆசிமுக்கு ஊட்டினான். ஒருத்தனுக்கு மட்டும் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று மகள் ஹுமைராவுக்கும் ஊட்டினான்.

"அத்தா, எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"அதான் குடுக்குறேன். வாயத் தொற."

தண்ணீர் போத்தல்களைக் கழுவப் போனான். ஹுமைராவின் போத்தல் மூடிக்குள் கறுப்பாக ஒரு தோட்டமே வளர்ந்திருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தான். கேன்டீனில் எண்ணெயில் பொரித்தது வேண்டாமென்று முட்டையும் பப்பாளியும் டப்பாவில் அடைத்தான். முகக்கவசம் மாட்டிவிட்டான். பள்ளிக்கூட வாசலில் காத்து நின்று, மழையில் இரண்டையும் குடைக்குள் இழுத்துப்போட்டு, வீடு வந்ததும் கையைக் கழுவவிட்டு, வேர்த்த சட்டையை மாற்றி, பிடுங்க வேண்டிய போனையும் பிடுங்கி, சீக்கிரமே படுக்கப்போட்டான்.

அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அச்சூ" என்றது அறைக்குள்ளிருந்து.

வெந்நீர், துண்டு, ஆவி. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது.

வாரம் பூராவும் இதே கதைதான். ஹாசிம் உட்கார்ந்தால் ஆசிம் தும்முவான். ஹாசிம் தே தாரிக் டீ கிளாசைத் தூக்கினால் ஆசிம் தும்முவான். நின்றுகொண்டிருந்தால் மட்டும் பையனுக்கு மூக்கு சுத்தமாக இருந்தது. அதை யோசிக்கக்கூட ஹாசிமுக்கு நேரமில்லை.

ஷஹானா சோபாவில் சாய்ந்து காலுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஆசிமுக்கு ஏன் மூக்கு செவந்திருக்கு?"

"வெயில்."

"மழையில்ல பெய்யுது."

"மழைக்கு நடுவுல கொஞ்சம் அடிச்சுச்சு. நீ பாக்கல."

"சரி சரி. வெந்நீர் மிச்சமிருந்தா எனக்கு ஒரு காப்பி."

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இரண்டும் பளபளவென்று வீடு திரும்பின. ஒரு லீவு இல்லை. ஹாசிம் நடு ஹாலில் நின்று மார்பை நிமிர்த்தினான்.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் சிஸ்ட..."

சொல்லி முடிக்கவில்லை. தும்மினான். ஜன்னல் அதிர்ந்தது. இது அசல் தும்மல். மக்ரிபு தொழுகை நேரத்துக்குள் உடம்பு அடுப்பாகிவிட்டது.

சாலாக் செலாத்தான் கிளினிக்கில் டாக்டர் ஊசி போட்டு எம்.சி. எழுதிக்கொடுத்தார். சொந்தக் கடைக்காரன் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்? ஷஹானா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். ஹாசிம் முனகினான்.

"எல்லாம் ஆசிம்கிட்டேர்ந்து ஒட்டிக்கிட்டது."

"ஆசிமுக்கு என்ன?"

மாட்டிக்கொண்டான். காய்ச்சலில் பொய் வரவில்லை. தும்மல், ஆவி, கருஞ்சீரகம் எல்லாத்தையும் கொட்டிவிட்டான்.

"அது நான் தும்மச் சொன்னதுங்க" என்றாள் ஷஹானா, சிக்னலைப் பார்த்தபடியே. "சும்மா சொன்னா நீங்க ஒரு போத்தலக் கழுவுவீங்களா?"

பின் சீட்டிலிருந்து தலை நீண்டது. "நல்லா தும்மினேனா அத்தா?"

"அப்போ எனக்கு எப்படி வந்துச்சு?"

"ஸ்கூல் வாசல்ல அத்தனை புள்ளைங்க இருமுது. நம்ம புள்ளைங்களுக்கு மாஸ்க் மாட்டினீங்க, நீங்க மாட்டல. அவங்களுக்கு முட்டை, பப்பாளி, தூக்கம். உங்களுக்கு நின்னுக்கிட்டே ரொட்டி சானாய். சிஸ்டம் நல்ல சிஸ்டம்தான். அடுத்த வாரமும் நீங்களே பாத்துக்குங்க, புள்ளைங்க பழகிடுச்சுங்க."

சனிக்கிழமை காலையில் கீழே ஹார்ன் கேட்டது. ஹாசிம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். பிள்ளைகள் தொப்பி போட்டுத் தயாராக நின்றன. ஷஹானா காற்றுக்குப் பறக்காமல் தலையில் தூடோங் துணியை இறுக்கிப் பின் குத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கடலுக்கு. பேசின படகு காலியாவா போகும்? கஞ்சி ஃபிளாஸ்க்ல இருக்கு."

"நான் வரலன்னு கௌஸ்கிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் வந்துட்டான்."

கதவு சாத்திக்கொண்டது.

கௌஸுக்குப் போன் போட்டுப் படகை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்று நேற்று ராத்திரியே ஷஹானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். விடிவதற்குள் காய்ச்சல் விட்டுவிடும் என்று நம்பி, ஹாசிம் சொல்லவில்லை.